பாதிக் குருட்டுக்கு ஒரு பழைய சொல்

இடது கண் போகத் தொடங்கிய காலையில் நான் ஜன்னலைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன்.

ஆயிரம் வருடங்களுக்கு முந்திய ஆங்கிலத்தில் ஜன்னலுக்கு 'ஏயக்தூரெல்' என்று பேர். ஏயக் என்றால் கண், தூரெல் என்றால் துளை. சுவரிலே இருக்கிற கண்துளை. பிறகு வடக்கே இருந்து கப்பலில் வந்தவர்களின் 'காற்றின் கண்' என்ற சொல் வந்து ஒட்டிக்கொண்டது. அதுதான் தேய்ந்து இன்றைக்கு விண்டோ ஆகியிருக்கிறது. இதை வாசித்துக் காட்டிவிட்டு, எங்களிடமும் பலகணி என்று ஒரு சொல் உண்டு, அதற்குள்ளும் கண் இருக்கிறது என்று நான் வேலை செய்த வீட்டு அம்மா, சிஞ்ஞோரா லீதியாவிடம் சொன்னேன். அவருக்குச் சந்தோஷம். பலகணி, பலகணி என்று இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். பிறகு மேலே வாசிக்கச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் கையை உயர்த்தி மறித்தார்.

"றெஜினா, ஏன் வரிகளின் கடைசியை விட்டுவிட்டு வாசிக்கிறாய்?"

"நான் விடவில்லையே."

"விடுகிறாய். ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல் இல்லை."

புத்தகத்தைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் பிடித்துப் பார்த்தேன். சொற்கள் இருந்தன. நேரே பிடித்தேன். இல்லை. வலது பக்க ஓரத்தில் ஒரு சாம்பல் நிறத் திரை தொங்கியது. கண்ணைக் கசக்கினேன். திரை அசைந்தது, போகவில்லை.

சிஞ்ஞோரா பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் படிப்பித்தவர். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி அரித்துக்கொண்டே போயிற்று. எதை நேரே பார்த்தாலும் அந்த இடத்தில் ஒரு கறை, ஓரத்தில் மட்டும் உலகம். அந்த நோய் வந்த பிறகுதான் கண்ணையும் பார்வையையும் பற்றிய பழைய ஆங்கிலச் சொற்களையெல்லாம் ஒரு புத்தகமாக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்தது. நான் மன்னாரில் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்தவள். பலேர்மோவுக்கு வந்தபின் வீடு துடைத்தேன், கிழவர்களைக் குளிப்பாட்டினேன். என் இத்தாலியன் சமையலறை இத்தாலியன். ஆனால் சிஞ்ஞோராவின் வீட்டுக்கு வேலை கேட்டுப் போனபோது அவர் என்னிடம் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார். அன்றிலிருந்து காலையில் சமையல், மத்தியானம் வரைக்கும் அகராதி. கபோ சந்தைக்கு மேலே இருந்தது அந்த வீடு. கீழே மீன்காரர் கத்துகிற சத்தத்துக்கு மேலாக நான் சத்தமாக வாசிப்பேன். அவர் யோசித்து யோசித்துச் சொல்லுவதைக் கணினியில் தட்டுவேன். இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் றெஜினா ரீச்சராக இருந்த இடம் அது ஒன்றுதான்.

அந்த வேலையை நான் ஒற்றைக் கண்ணால்தான் செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். என் வலது கண் பிறவியிலேயே சோம்பல் கண். உருவம் தெரியும், நிறம் தெரியும், எழுத்துத் தெரியாது. வாசித்தது, எழுதியது, அரிசியில் கல் பார்த்தது எல்லாம் இடது கண்தான்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனோம். மகள் ஜெனியைப் பள்ளிக்கூடத்தால் கூப்பிட வேண்டியதாயிற்று. அவள் இஞ்சை பிறந்தவள். டொக்டர் கதைப்பது எனக்குப் பாதி விளங்காது, நான் கதைப்பது அவர்களுக்கு முழுக்க விளங்காது. கண்ணில் மருந்து விட்டுவிட்டு, நாடியை ஒரு கம்பியில் வைக்கச் சொல்லி, ஒரு வெளிச்சத்தை உள்ளே பாய்ச்சிக் கனநேரம் பார்த்தார் டொக்டர். முடி நரைக்கத் தொடங்கிய பொம்பிளை. பிறகு ஜெனியைப் பார்த்து வேகமாகச் சொல்லத் தொடங்கினார்.

"அம்மா, உங்கடை கண்ணுக்குள்ளை ஒரு... ரேத்தினா. அதுக்குத் தமிழ் என்னம்மா?"

"விழித்திரை."

"அது கழண்டு போச்சாம். சுவரிலை ஒட்டுற பேப்பர் இருக்கெல்லோ, அது மாதிரி. ஒரு இடத்திலை கிழிஞ்சு, தண்ணி உள்ளுக்குப் போய், பின்னாலை... எப்பிடிச் சொல்லுறது... உரியுதாம்."

"ஏனாம்?"

கேட்டுச் சொன்னாள். "உங்கடை கண்ணாடி தடிப்பெல்லோ. அப்பிடிக் கண் நீளமா இருக்குமாம். நீளமான கண்ணிலை பேப்பர் இழுபட்டு மெல்லிசாப் போகுமாம். நீங்கள் ஒண்டும் பிழை செய்யேல்லையாம், அம்மா."

நடுப்பகுதி இன்னும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அது கழர முதல் ஒப்பரேஷன் செய்தால் வாசிக்கிற பார்வை தப்பும் என்று சொன்னார் டொக்டர். ஜெனி அதைச் சொல்லி முடிக்க இவர் வந்து சேர்ந்தார். என் மனுசன் அன்ரனுக்குத் துறைமுகத்தில், நாப்போலிக்குப் போகிற கப்பல்களின் அறைகளைக் கழுவிக் கட்டில் விரிக்கிற வேலை. வேலை உடுப்போடேயே வந்திருந்தார். குளோரின் மணத்தது.

"இது சின்ன விசயம் றெஜி" என்றார். "இப்ப எல்லாத்துக்கும் மெசின் இருக்கு." அப்படிச் சொல்லிக்கொண்டு என் கைப்பையைத் தன் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒப்பரேஷனுக்கு முழு மயக்கம் தரவில்லை. கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். முகத்தைத் துணியால் மூடி, கண்ணுக்கு மட்டும் ஒரு ஓட்டை விட்டிருந்தார்கள். வலி இல்லை. ஆனால் தெரிந்தது. ஒரு மெல்லிய கம்பியின் நிழல் என் கண்ணுக்குள்ளேயே, சேற்றுத் தண்ணிக்குள் கெளிறு மீன் திரும்புவது மாதிரித் திரும்பியது. உள்ளே இருக்கிற பசையை வெட்டி எடுத்து, விழித்திரையைச் சுவரோடு அமத்தி, லேசரால் சுட்டு ஒட்டி, அது ஒட்டும் வரைக்கும் அமத்திப் பிடிக்க ஒரு வாயுக் குமிழியை உள்ளே விட்டார்கள். குமிழி மேலே மிதக்கும். கழன்ற இடமோ கண்ணின் பின்சுவர். அதனால் பின்சுவரை மேலே கொண்டுவர வேண்டும். நோயாளி முகம் குப்புறக் கிடக்கவேண்டும். சாப்பிடவும் கழிப்பறைக்கும் மட்டும் எழும்பலாம், அப்போதும் தலை குனிந்தபடி.

கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஓட்டை. அதற்குள் முகத்தை வைத்துப் படுத்தால் தெரிவது நிலம் மட்டுந்தான். என் வலது கண்ணுக்கு அது ஒரு மஞ்சள் பரப்பு. அதில் கால்கள் வந்து போகும். வெள்ளை ரப்பர் செருப்பு என்றால் நேர்ஸ். சக்கரம் உருண்டால் சாப்பாடு. ஜெனியின் கால் வந்தால் கூடவே ஒரு பழச்சாறு ஸ்ட்ரோ கீழே இருந்து என் வாய்க்கு வரும். "ம்மா, உறிஞ்சுங்கோ" என்பாள். கழுத்து முறிந்து விழுகிற மாதிரி நோகும். அவள் தன் சின்னக் கையால் பிடரியை அமத்திவிடுவாள். முள்ளந்தண்டில் எந்த எலும்பு நோகிறது என்று கேளாமலே அவளுக்குத் தெரிந்தது.

இவர் வந்த முதல் நாள் கட்டில் பக்கத்தில் நின்று கொஞ்சம் கதைத்தார். என் பிடரியோடு கதைப்பது அவருக்குச் சரிவரவில்லை. திடீரென்று நிலத்தில் படுத்து, முதுகால் அரக்கி அரக்கிக் கட்டிலுக்குக் கீழே வந்து, ஓட்டைக்கு நேரே முகத்தை வைத்தார்.

"இப்ப தெரியுதோ?"

"கறுப்பா ஒண்டு தெரியுது."

"அது நான்தான்."

இரண்டு பேரும் சிரித்தோம். என் கண்ணீர் அவர் முகத்தில் விழுந்தது. துடைக்காமல் கிடந்தார். நேர்ஸ் வந்து, நிலம் அசுத்தம், எழும்பு என்று கத்தினாள். மற்ற நாளும் ஒரு துறைமுகத் துவாயைக் கொண்டுவந்து விரித்து அதே இடத்தில் படுத்தார்.  பிறகு நேர்ஸ் துடைப்பத்தை அவரைச் சுற்றிக் கொண்டுபோவாள்.

அந்த நாட்களுக்குள்தான் சாந்தா லூசியா திருநாள் வந்தது. கண்களைத் தட்டில் ஏந்தி நிற்கிற புனிதை. அன்றைக்குப் பலேர்மோவில் கோதுமை மாப் பாண் தின்னமாட்டார்கள், பொரித்த சோற்றுருண்டை தின்பார்கள். எங்கள் கோவில் பெண்கள் ஜெனியிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவள் பிய்த்துப் பிய்த்துக் கீழே இருந்து ஊட்டினாள். இவர் லூசியம்மாளுக்கு நேர்த்தி வைத்திருப்பதாகச் சொன்னார். என்ன நேர்த்தி என்று நான் கேட்கவில்லை. கோவிலில் ஒரு அக்கா, இது கண்ணூறு, வெள்ளைக்காரியோடு மேசையில் இருந்து படிப்பதைப் பார்த்து யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று சொன்னாவாம். ஆங்கிலத்திலும் அதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது. கண்ணால் கடித்தல் என்று சொல்லியிருக்கிறார்கள். அதை முந்திய மாதம்தான் நான் தட்டியிருந்தேன்.

ஒரு நாள் பின்னேரம் புதிய கால்கள் இரண்டு வந்து நின்றன. மெல்லிய, வீங்கிய கணுக்கால்கள். ஒரு சப்பாத்து கறுப்பு, மற்றது வைன் நிறம்.

"றெஜினா, இது நீதானா? யாரோ ஒருவருடைய முதுகு என்று மட்டுந்தான் தெரிகிறது."

சிஞ்ஞோரா தனியே டாக்சியில் வந்திருந்தார். வீட்டை விட்டுத் தனியே வெளிக்கிட்டு எத்தனையோ காலம். கதிரை இருக்கிற பக்கத்தை நான் வாயால் சொல்லிக் காட்ட, தடவி இருந்தார். 

"கண் எப்படி இருக்கிறது?"

"உள்ளே மணல் கொட்டின மாதிரி உறுத்துகிறது. தையல் என்கிறார்கள்."

"மணலா?" என்றார். பிறகு அவருக்கே உரிய படிப்பிக்கிற குரலில் சொன்னார். "மணற்குருடு என்று ஒரு சொல் இருக்கிறது, சாண்ட்பிளைண்ட். நாம் அதற்கு இன்னும் வரவில்லை. எல்லாரும் அதில் இருப்பது மணல் என்றுதான் நினைக்கிறார்கள். இல்லை. பழைய வடிவம் சாம்பிளைண்ட். சாம் என்றால் பாதி. பாதிக் குருடு. அந்தச் சாம் வழக்கில் இல்லாமல் போனதும், விளங்காத சொல்லுக்குச் சனங்கள் மணலைப் போட்டு நிரப்பிவிட்டார்கள்."

"அப்ப நாங்கள் இரண்டு பேரும் சாம்பிளைண்ட்."

"நான்தான் சாம்பிளைண்ட். நீ சுகமாகி வந்து எனக்கு வாசிப்பாய்."

"முழுக் குருட்டுக்கு என்ன சொல்?"

அந்த இரண்டு சப்பாத்துகளும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "அதையெல்லாம் ஏன் இப்போது" என்றார். நான் விடவில்லை. கடைசியில் சொன்னார். ஸ்டேர்பிளைண்ட். கண் விறைத்துத் திறந்தபடி நிற்க ஒன்றும் தெரியாத குருடு. சொல்லிவிட்டு, சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிற மாதிரி, கையால் தேடி என் பிடரியில் வைத்தார். கை குளிர்ந்து கிடந்தது. போகும்போது ஜெனி கூட்டிப்போய் டாக்சியில் ஏற்றிவிட்டு வந்து, "அம்மா, அவவின்ரை சப்பாத்து வேறை வேறை" என்றாள். "தெரியும்" என்றேன்.

வீட்டுக்கு விட்டார்கள். எங்கள் வீடு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில், மேல்மாடியில். கட்டு அவிழ்த்த கண்ணில் வாயுக் குமிழி தளும்புவது தெரிந்தது, பாதி நிறைந்த போத்தலை ஆட்டுவது மாதிரி. குமிழி கரையக் கரைய அதன் விளிம்பு கீழே இறங்கும், விளிம்புக்கு மேலே பார்வை திரும்பும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. முதலில் முகட்டு விளக்கு தெரிந்தது. பிறகு அலுமாரியின் மேல்தட்டு. பிறகு ஜெனியின் தலை உச்சி, நெற்றி, புருவம். அவள் வேண்டுமென்றே ஒவ்வொரு நாளும் என் முன்னால் வந்து நிற்பாள். "இண்டைக்கு எவ்வளவு?" "மூக்கு மட்டும்." "நாளைக்கு வாய்." நாங்கள் சந்தோஷமாக இருந்த நாட்கள் அவைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். இவர் சாந்தா லூசியாவுக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார்.

ஜெனியின் வாய் தெரிந்தது. ஆனால் கோணலாகத் தெரிந்தது. கதவு நிலை வளைந்திருந்தது. கீழே இருந்து அதே சாம்பல் திரை எழும்பிக்கொண்டிருந்தது.

இரண்டாம் தரம் ஆஸ்பத்திரி. காயம் ஆறும்போது தழும்பு விழுமே, சிலருக்கு அது கண்ணுக்குள்ளும் விழும், அந்தத் தழும்பு சுருங்கி விழித்திரையைத் திரும்ப இழுத்துக் கழற்றிவிடும் என்றார் அதே டொக்டர். "தழும்பு" என்ற சொல்லை ஜெனிக்கு நான் சொல்லிக் கொடுத்தேன். இந்த முறை நடுப்பகுதியும் கழன்றிருந்தது. இந்த முறை வாயு இல்லை, சிலிக்கன் எண்ணெய். வாயு கரையும், எண்ணெய் கரையாது. தழும்பை உரித்து, எண்ணெய் நிரப்பி, திரும்பவும் குப்புறக் கிடத்தினார்கள். இவர் திரும்பவும் துவாயோடு வந்தார். இந்த முறை ஓட்டைக்குக் கீழே முகத்தை வைத்துக்கொள்வார். சும்மா கிடப்பார். ஒரு நாள் அப்படியே நித்திரையாகிவிட்டார்.

எண்ணெய்க்குள்ளால் ஒரு மங்கிய வெளிச்சம் தெரிந்தது. அது தெளியவில்லை. நாள் போகப்போக அதுவும் குறைந்தது.

மாரி முடிந்து நான் சிஞ்ஞோராவின் வீட்டுக்குப் போனேன். சமைக்க முடியும், கை பழகினது. சாப்பாடு முடிந்தபிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. நானாகவே பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, வலது கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, அகராதியைத் திறந்தேன். ஒரு எழுத்துத் தெரியும், அடுத்ததற்குப் போனால் முதலாவது மறந்துபோகும். பள்ளிக்கூடத்தில் அரிச்சுவடி வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கிற மாதிரி, எழுத்தெழுத்தாகக் கூட்டி ஒரு சொல்லைச் சொன்னேன். அது பிழை. அப்படி ஒரு சொல் இல்லை.

சிஞ்ஞோரா திருத்தவில்லை. எப்போதும் திருத்துகிறவர். "மூடிவை, றெஜினா" என்றார்.

"வேறை யாரையும் பிடிக்கலாம். படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்."

"இருக்கிறார்கள். அவர்கள் பலகணி சொல்லமாட்டார்கள்."

நான் அகராதியை மூடி வைத்தேன். கீழே சந்தை கத்திக்கொண்டிருந்தது. கோடை வரமுன்னம் மருமகன் வந்து அவரை வடக்கே முதியோர் இல்லம் ஒன்றுக்குக் கூட்டிப் போய்விட்டான். புத்தகங்களை யாரோ வந்து பெட்டிகளில் ஏற்றினார்கள். ஒருக்கா போன் எடுத்தார். எங்கள் சொற்கள் என்னவாயிற்று என்று கேட்டேன். கணினியில் இருக்கும், யாரும் திறக்கப்போவதில்லை என்றார். குரலில் கோபமோ கவலையோ இல்லை. பிறகு எடுக்கவில்லை. நான் எடுத்தாலும் அந்த இல்லத்து மனிசி ஒருத்தி ஏதோ சொல்லிப் போனை வைத்துவிடுகிறாள்.

இப்போது நான் வீட்டில் இருக்கிறேன். சூழ இருப்பது உருவங்களும் நிறங்களும். இதைக் கைபேசிக்குச் சொல்லச் சொல்ல அது எழுதுகிறது. கோவில் அக்கா ஒருவர் பிழை பார்த்துத் தருகிறார். விழித்திரை கழன்ற யாருக்காவது உதவும் என்று அவர் கேட்டதால்தான் தொடங்கினேன். உதவுகிற மாதிரி என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. கண்ணில் பூச்சி பறந்தால், மின்னல் அடித்தால், ஓரத்தில் திரை விழுந்தால் அன்றைக்கே போங்கள். நான் அன்றைக்கே போனேன். கனபேருக்கு முதல் ஒப்பரேஷனோடு சரிவருமாம். எனக்கு வரவில்லை. அவ்வளவுதான்.

ஜெனிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அதனால் கடைசியாகப் போன நாளைப் பற்றியும் சொல்லலாம்.

டொக்டர் வழமைபோல வெளிச்சத்தைப் பாய்ச்சினார். இந்த முறை கனநேரம் எடுக்கவில்லை. வெளிச்சத்தை அணைத்துவிட்டு, தான் இருந்த சக்கரம் வைத்த கதிரையைப் பின்னுக்குத் தள்ளி, ஜெனியிடம் மெதுவாகக் கதைத்தார். அவர் மெதுவாகக் கதைத்தது அதுதான் முதல் தடவை. இத்தனை மாதத்தில் ஆஸ்பத்திரி இத்தாலியன் எனக்குப் பழகியிருந்தது. ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. விழித்திரை செத்துவிட்டது, இனி வெட்டிப் பிரயோசனம் இல்லை, செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை, வலது கண்ணை எந்தக் கண்ணாடியாலும் கூட்ட முடியாது, அம்மாவுக்குப் பார்வையற்றோர் பதிவு செய்வதைப் பற்றி வீட்டில் கதையுங்கள்.

ஜெனி என் பக்கம் திரும்பினாள். எப்போதும் மொழிபெயர்க்கும்போது அவள் தடுமாறுவாள், சொல்லைத் தேடுவாள், "அதுக்குத் தமிழ் என்னம்மா" என்று கேட்பாள். இந்த முறை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை.

"கொஞ்சம் பொறுத்துப் பாக்கட்டாம் அம்மா. கண் இன்னும் ஆறேல்லையாம். மாரிக்குப் பிறகு ஒருக்கா வரட்டாம்."

"மாரிக்குப் பிறகோ?"

"ஓம்."

"சரி. கிராட்சியே, தொத்தோரெஸ்ஸா" என்று டொக்டருக்கு நன்றி சொன்னேன். டொக்டர் என் தோளைத் தொட்டார்.

வெளியில் என்னை ஒரு வாங்கில் இருத்திவிட்டுக் கழிப்பறைக்குப் போனாள் ஜெனி. வரச் சுணங்கினாள். பக்கத்தில் இருந்த கிழவர், திரையில் எந்த நம்பர் போகிறது என்று என்னைக் கேட்டார். எனக்கும் தெரியாது என்றேன். அவர் சிரித்தார். இரண்டு பேரும் திரை இருக்கிற பக்கமாக முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு இருந்தோம். ஜெனி வந்து என் கையைப் பிடித்தபோது அவள் கை ஈரமாக இருந்தது.

பஸ்ஸில் அவள் பள்ளிக்கூடத்துக் கதை சொல்லிக்கொண்டே வந்தாள். யாரோ ஒரு பெடியன் வாத்தியாரைப் போலக் கதைத்துக் காட்டிய கதை. நான் சிரிக்கவேண்டிய இடங்களில் சிரித்தேன்.

படியேறி வந்து கதவைத் திறந்தோம். இவர் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் நின்றார். நாங்கள் உள்ளே கால் வைக்க முதலே கேட்டார்.

"என்னவாம்?"

ஜெனி மூச்சை இழுப்பது கேட்டது. அவள் வாய் திறக்க முதல் நான் சொன்னேன்.

"கொஞ்சம் பொறுத்துப் பாக்கட்டாம். மாரிக்குப் பிறகு ஒருக்கா வரட்டாம்."

"பாத்தீரே, நான் சொன்னனான்" என்று சொல்லிக்கொண்டு இவர் தேத்தண்ணிக்குத் தண்ணி வைக்கப் போனார்.

ஜெனி என் கையை விடவில்லை. சப்பாத்தைக் கழற்றவும் இல்லை, கதவைச் சாத்தவும் இல்லை, அப்படியே நின்றாள். படிக்கட்டு வெளிச்சம் அவளுக்குப் பின்னால் இருந்தது. அவளுடைய முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.